கல்லீரல் நோயும் மதுவும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா நாளில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். நாம் பிழைக்க வந்து நிலைத்துவிட்ட பஞ்சாப், ஹெபடைட்டிஸ் சி என்னும் கல்லீரல் நோய் மிகுந்து காணப்படும் மாநிலங்களுள் ஒன்று. அந்நோய் உடையவரும், மருந்துண்டு தேறியவரும் மது அருந்தலாமா என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள். மருத்துவரிடம் தனியே கேட்கக் கூசுகின்ற கேள்வி இது. ஆதலின் அவையிலே பேசிவிடுதல் நன்று.

இந்நோயை விளைவிப்பது வைரஸ் என்னும் நுண்கிருமி. 1989ஆம் ஆண்டில்தான் அது இன்னதென்று அறியப்பட்டது. அதற்கு உழைத்த மூவர் 2020இல் நோபல் பரிசு பெற்றனர். இரத்தத்தின் வழியாகவே இது பெரும்பாலும் பரவுகிறது: தூய்மை செய்யாத ஊசி, பல் மருத்துவக் கருவி, பரிசோதிக்கப்படாத இரத்தம், பிறர் பயன்படுத்திய சவரக் கத்தி. ஒரே இலையில் உண்பதாலோ, ஒரே குவளையில் பருகுவதாலோ பரவுவதில்லை. நோயுற்ற நூறு பேரில் சுமார் முப்பது பேருக்கு ஆறு மாதங்களுக்குள் தானே நீங்கிவிடும். ஏனையோர் உடலில் அது ஓசையின்றித் தங்கிவிடுகிறது. அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேர் வரை இருபது ஆண்டுகளுக்குள் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நிலையை அடைகின்றனர்.

இனி, மது இங்கே செய்வது என்ன? நாம் குடிக்கும் மதுவைச் சிதைத்து வெளியேற்றும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. அவ்வாறு சிதைக்கும்போது அசிட்டால்டிஹைடு என்னும் நஞ்சு பிறக்கிறது. அது ஈரலின் உயிரணுக்களைப் புண்படுத்துகிறது. புண் ஆறிய இடத்தில் தழும்பு விழுகிறது. வைரஸும் அதே இடத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகி, இருபது ஆண்டில் வரவேண்டிய கேட்டை முன்னதாகவே அழைத்து வருகின்றன. வைரஸ் உடலில் இருக்கும்வரை இவ்வளவு குடித்தால் தீங்கில்லை என்று அறியப்பட்ட அளவு ஏதும் இல்லை.

“நான் பீர் மட்டுந்தான்” என்பார் உளர். முப்பது மில்லி விஸ்கியில் உள்ள மதுச்சத்து ஏறத்தாழ பத்துக் கிராம். 650 மில்லி ‘ஸ்ட்ராங்’ பீர் புட்டி ஒன்றில், நூற்றுக்கு எட்டு என்ற கணக்கில், நாற்பது கிராம் உள்ளது. ஒரு புட்டியைக் காலி செய்தவர் நான்கு பெக் அருந்தியவரே ஆவார்.

நிற்க. இந்நோய்க்கு இன்று நல்ல மருந்து உண்டு. சோபோஸ்புவிர் என்னும் மாத்திரை 2013இன் இறுதியில் அமெரிக்காவில் வந்தபோது ஒன்றின் விலை ஆயிரம் டாலர். நம் நாட்டு நிறுவனங்கள் உரிமம் பெற்றுச் செய்யத் தொடங்கியபின் விலை மளமளவென்று இறங்கிற்று. பஞ்சாப் அரசு 2016இல் இலவசமாகவே வழங்கத் தொடங்கியது. 2018 ஜூலை 28இல் நாடு முழுமைக்குமான திட்டம் பிறந்தது. பெரும்பாலோர்க்குப் பன்னிரண்டு வாரம் உண்டால் போதும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்க்கு மேல் குணமடைகின்றனர். மருந்து முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்துச் செய்யும் பரிசோதனையில் வைரஸ் தென்படாவிடில் நோய் நீங்கிற்று என்க.

குடிப்பவர்க்கு மருந்து கொடுக்க மாட்டார்கள் என்றொரு பேச்சு உலவுகிறது. அது சரியன்று. மது அருந்துகிறார் என்ற ஒரே காரணத்திற்காக மருந்தை மறுக்கலாகாது என்பதே இன்றைய மருத்துவ நெறி. ஆகவே மருத்துவரிடம் அளவைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கணக்குப்பிள்ளையிடம் மறைத்தாலும் மறைக்கலாம், ஈரல் மருத்துவரிடம் மறைத்துப் பயன் என்ன? நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் வீட்டாரின் கெடுபிடிக்கு அஞ்சி ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. கை நடுக்கம், வலிப்பு, சித்தப் பிரமை ஆகியவை வரக்கூடும். மருத்துவர் துணையோடு நிறுத்துதல் வேண்டும். தாய்மார்கள் இதைக் கருத்தில் இருத்துக.

குணமான பின் ஓர் ஐயம் எழுகிறது: “வைரஸ்தான் போய்விட்டதே, இனி என்ன?” வைரஸ் போகும், முற்றிய தழும்பு அவ்வளவு எளிதில் போகாது. ஈரல் சுருங்கியவர் மதுவைத் தொடவே கூடாது; புற்றுநோய் தோன்றுகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்தும் பார்க்க வேண்டும். நீரிழிவோ, ஈரலில் கொழுப்போ உடையவர்க்கும் விலக்குவதே நலம். இவை எதுவும் இல்லாதவர் தம் ஈரலின் நிலையை அளந்தறிந்து மருத்துவர் சொற்படி நடக்கலாம். ஆயினும் யாருக்குமே தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறிவிட்டது.

இவ்வளவும் அறிந்தவர்கூட ஏன் கிண்ணத்தை ஏந்துகிறார்? பதவி உயர்வு விருந்திலும், திருமண வரவேற்பிலும் வேண்டாம் என்றால், “ஏன் சார், உடம்புக்கு ஏதாவதா?” என்று கேட்போம். இரண்டாம் முறை மறுத்தால் மறுநாள் காலனி முழுதும் அவர் ஈரலைப் பற்றியே பேச்சு. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடாக இருந்தால் சொல்லவே வேண்டாம். நோயை மறைக்க வேண்டி, அந்நோய்க்கு ஆகாத ஒன்றையே அவர் பருகுகிறார்! பருகச் செய்தவர்கள் விருந்தினரை உபசரித்ததாக எண்ணி மகிழ்கிறோம். இவ்விடத்தில் குற்றம் அவருடையதன்று என்பது என் துணிபு. இனிமேல் நம் இல்ல விருந்துகளில் மோரும், எலுமிச்சைச் சாறும் அதே மேசையில், அதே கிண்ணங்களில் இருக்கட்டும். எதை எடுத்தார் என்று எவரும் நோக்க வேண்டா. மறுத்தவரைக் காரணம் கேட்கவும் வேண்டா.

இன்னொரு செய்தி. குணமான பின்னரும் ‘ஆன்டிபாடி’ சோதனையில் நோய் உண்டு என்றே பெரும்பாலும் வரும். அது பழைய நோயின் சுவடு. அதைக் கொண்டு ஒருவரை நோயாளி என்று தள்ளலாகாது. வைரஸையே அளக்கும் சோதனைதான் முடிவு சொல்லும். இரண்டு சோதனைகளும் திட்டத்தில் சேர்ந்த அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்யப்படுகின்றன. விழா முடிந்ததும் கேட்க விரும்புவோர் என்னைத் தனியே காணலாம்.