யார் கேட்டது?

(ஓரிக்கையில் நெசவாளர் கூட்டமொன்றில் பேசியது)

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிற தோழர்களே!

முதலில் இந்தப் புடவையைப் பாருங்கள். தம்பி, அந்த லைட்டைக் கொஞ்சம் இப்படித் திருப்பு. அரக்கு உடல், பச்சைக் கரை, கோர்வை. கரைக்கு நாடா தள்ள எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள் உட்கார்ந்து நெய்தது. உடல் முழுக்க ஜரிகையில் சின்னச் சின்னப் புட்டா. என்ன புட்டா என்று முன்வரிசைத் தாய்மாருக்குத் தெரியும். ஸ்வஸ்திக்! சௌகார்பேட்டையில் ஒரு ஜைனக் குடும்பம் கல்யாணத்துக்குக் கேட்டு, என் மைத்துனர் வீட்டுத் தறியில் நெய்தது. ஒரு பாவில் மூன்று புடவை. இரண்டை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது இது.

மைத்துனரின் மகள் படித்த பெண். "மாமா, இதை நாமே வெளிநாட்டுக்கு விற்போம்" என்று ஒரு விற்பனைத் தளத்தில் படம் ஏற்றினாள். காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? "வெறுப்பைப் பரப்பும் சின்னம்." இன்னொரு முறை செய்தால் கணக்கையே மூடுவோம் என்று எச்சரிக்கை வேறு. அந்தப் பெண் அழுதுகொண்டே கேட்டாள்: "மாமா, நான் யாரை வெறுத்தேன்?"

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்றே பெயர். பல்லவர் காலம் தொட்டுச் சமணம் வாழ்ந்த இடம். ஏழாம் தீர்த்தங்கரர் சுபார்சுவநாதருக்கு அடையாளமே ஸ்வஸ்திக்தான். ஹிட்லர் பிறந்தது 1889இல். யார் யாரிடம் திருடினது?

ஐரோப்பாவின் புண் உண்மையான புண். அதை நான் மறுக்கவில்லை. 2000இல் பிரான்ஸ் நீதிமன்றம் யாஹூவைக் கூண்டில் ஏற்றி, நாஜிப் பொருள் ஏலம் எங்கள் மக்கள் கண்ணில் படக் கூடாது என்றது. அடுத்த ஆண்டே யாஹூவும் ஈபேயும் தடை போட்டன. நல்லது! அந்தப் புண்ணுக்குத் தளங்களின் மெஷின் காவல் நிற்கிறது. நம் புண்ணுக்கு யார் காவல்?

கேளுங்கள் கதையை. 2016இல் அமேசானில் சாமி படம் போட்ட மிதியடி. ஊரே கத்தியது, எடுத்தார்கள். 2017 ஜனவரியில் அமேசானின் கனடா தளத்தில் நம் தேசியக் கொடி போட்ட மிதியடி. வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் ட்விட்டரில் எழுதினார்: மன்னிப்புக் கேள், எடு, இல்லையென்றால் உன் அதிகாரிகள் ஒருவருக்கும் விசா கிடையாது, கொடுத்த விசாவும் ரத்து. அவ்வளவுதான். மிதியடி மாயம்! வருத்தக் கடிதம் வந்தது. சில நாள் போகவில்லை, காந்தி படம் போட்ட செருப்பு! டெல்லியில் பொருளாதார விவகாரச் செயலாளர் அதட்டினார், அதுவும் மாயம். 2019இல் கழிப்பறை மூடி உறையில் சாமி படம். மறுபடி கூச்சல், மறுபடி மாயம்.

ஏனய்யா, ஜரிகையில் குன்றிமணி அளவு இருக்கிற புட்டாவைக் காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்த மெஷினுக்கு, வாசலை அடைத்துக் கிடக்கிற மிதியடியில் சாமி தெரியவில்லையா? என்ன பொருள் என்று அது பார்ப்பதில்லை, தோழர்களே. யார் கேட்டது என்றுதான் பார்க்கிறது. அமைச்சர் கேட்டால் ஒரு நாள். ஊர் கேட்டால் ஒரு வாரம். ஓரிக்கைக்காரன் கேட்டால்? "உங்கள் கருத்துக்கு நன்றி!"

இது நமக்கு மட்டும் நேர்ந்த வழக்கும் இல்லை. 2019 டிசம்பரில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் படத்தைக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் அலங்காரப் பொருளாக்கி அமேசானில் விற்றார்கள். லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற இடம், ஐயா! அங்கேயும் மெஷின் தூங்கியது. ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகம் ஊரறியக் கேட்ட பிறகுதான் எடுத்தார்கள். 2021இல் இலங்கைக் கொடி போட்ட மிதியடி, விற்றவர் சீனாவில். பெய்ஜிங்கில் இருந்த இலங்கைத் தூதரகம் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூனில் கன்னடக் கொடியின் நிறத்தில் நீச்சலுடை. பெங்களூரில் அமைச்சர் எழுந்து நின்ற பிறகு இறக்கினார்கள். தூதரகம் இல்லாதவன், அமைச்சர் இல்லாதவன், அருங்காட்சியகம் இல்லாதவன் எங்கே போவான்?

இந்தக் கம்பெனிகள் சொல்லும் சமாதானம் தெரியுமா? "நாங்கள் வெறும் சந்தை, விற்பவன் வேறொருவன்." அடடா! நம் ராஜாஜி மார்க்கெட்டில் ஒருவன் அழுகல் கத்தரிக்காய் விற்றால் ஊரே சேர்ந்து கேட்கும். அங்கே சந்தைக்காரர் ஒவ்வொரு கத்தரிக்காய்க்கும் கமிஷன் வாங்கி, பையும் போட்டு, வீட்டுக்கும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கத்தரிக்காய் யாருடையதோ" என்கிறார்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "லட்சுமி படம் போட்ட வெடியை நீங்களே கொளுத்தித் தெருவில் மிதிக்கிறீர்களே" என்கிறது. மிதிக்கிறோம், ஐயா. தீபாவளி மறுநாள் காலையில் கிழிந்த லட்சுமியைக் கூட்டும்போது என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொள்வதை நானே பார்க்கிறேன். அது நம் குற்றம், நாம் திருத்திக்கொள்வோம். நம் வீட்டுக் குப்பையைக் காட்டி அவன் வீட்டு வாசலை மறைக்கப் பார்க்காதே!

போன மாதம் இதே இடத்தில் ஒரு நண்பர் "புறக்கணிப்போம், புறக்கணிப்போம்" என்று தொண்டை கிழிய முழங்கினார். மேடையை விட்டு இறங்கியதும் போனில் முதல் கேள்வி, "பார்சல் வந்துடுச்சா?" அவரைக் குறை சொல்லவில்லை. பார்சலில் வந்தது மைக்காகக்கூட இருக்கலாம்.

கொடி என்றதும் நரம்பு புடைக்கிறவர்களே, ஒன்று கேட்கிறேன். கையால் நூற்றுக் கையால் நெய்த துணியில்தான் நம் கொடி இருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. 2021 டிசம்பர் 30இல் அதைத் திருத்தி, பாலியஸ்டரும் ஆகும், மெஷினில் செய்ததும் ஆகும் என்றது அரசு. அடுத்த ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடி. அதற்கடுத்த வாரம் பாலாற்று மணலில் அந்தப் பாலியஸ்டர் கொடி கிடந்ததை நான் குனிந்து எடுத்தேன். கொடியை மிதியடி ஆக்கினால் கோபம் வருகிறது. கொடியிலிருந்து நெசவாளியைப் பிய்த்து எறிந்தபோது ஒருவருக்கும் வரவில்லையே! ஏன்? யார் கேட்டது? நெசவாளி நாம்தானே கேட்டோம்!

நம் தலையாய வழக்குக்கு வருகிறேன். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இலேயே புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர்ப் பெயரை வேறு எவனும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். போனைத் திறந்து பாருங்கள்: "காஞ்சிபுரம் பட்டு, 699 ரூபாய்." வெள்ளி ஜரிகை விற்கிற விலைக்கு 699 ரூபாயில் முந்தி மூலைகூட நெய்ய முடியாது! இதை ஒரு தளத்துக்குப் புகார் எழுதினேன். இணைய வணிக விதி 2020இல் வந்தது. புகார் கிடைத்ததென்று 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கிடைத்ததென்று உடனே சொன்னார்கள், அதில் குறையே இல்லை. தீர்வு? "இப்பொருள் எங்கள் விதிகளின்படி எவரையும் புண்படுத்துவதாக இல்லை."

எங்களைப் புண்படுத்துகிறது, ஐயா! குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டுப் போட்டு முழங்கால் மரத்துப்போனவனைப் புண்படுத்துகிறது! நிஜமான காஞ்சிப் பட்டு உனக்கு வெறுப்புச் சின்னம். போலிக் காஞ்சிப் பட்டு உனக்கு நல்ல சரக்கு. இதுதான் விதி என்றால் அந்த விதியைத்தான் முதலில் தளத்திலிருந்து எடுக்க வேண்டும்!

நமக்கு வேண்டியது என்ன? விதியைத் தமிழில் எழுது. அமைச்சர் கேட்டாலும் ஆச்சாரி கேட்டாலும் ஒரே கெடு வை. ஒரு பொருளை எடுத்தால், எதை எடுத்தாய், ஏன் எடுத்தாய், யார் கேட்டு எடுத்தாய் என்று எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதி வை. சத்தமில்லாமல் எடுப்பதால்தான் அடுத்த ஆண்டு அதே மிதியடி திரும்பி வருகிறது.

இதைக் கேட்க நமக்கு என்ன தகுதி என்கிறீர்களா? நாம் உட்கார்ந்திருக்கிற ஊர் எது? திருமழிசையாழ்வாரின் சீடன் கணிகண்ணனைப் பல்லவ ராஜா நாடு கடத்தினான். ஆழ்வார் திருவெஃகாப் பெருமாளிடம் போய், அவன் போகிறான், நானும் போகிறேன், நீயும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு என்றார். கிளம்பினார் பெருமாள்! கேட்டது யார் என்று பார்க்கவில்லை. ஓர் இரவு வந்து தங்கிய இடம்தான் ஓரிரவிருக்கை, நம் ஓரிக்கை. ராஜா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டான். எல்லாரும் திரும்பினார்கள்.

திரும்பிப் போனவர் பழையபடியே படுத்தாரா? திருவெஃகாவில் போய்ப் பாருங்கள். மற்றக் கோயில்களில் படுத்திருப்பதற்கு மாறாக, திசை மாற்றிப் படுத்திருக்கிறார். இங்கே ஒரு தவறு நடந்தது, திருத்தப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். பெருமாளே தடயம் வைத்துத்தான் படுத்திருக்கிறார். கம்பெனிக்காரனுக்கு மட்டும் தடயம் வைக்க என்ன வெட்கம்?

புடவை இங்கேயே மேஜைமேல் இருக்கும். போகும்போது ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பாருங்கள். கையைத் துடைத்துக்கொண்டு தொடுங்கள், விலை இன்னும் படியவில்லை.