கோயிற் கூரையிற் கதிரொளி

நண்பகலில் உச்சிக்காலப் பூசை முடிந்ததும் கோயில் நடை சாத்தப்படுகின்றது. அடியார்கள் வீடு திரும்புகின்றனர். அந்த நேரத்திலேதான் மண்டபக் கூரையின்மேல் ஞாயிறு தன் முழு வலிமையையும் சொரிகின்றது. மாலையில் விளக்கேற்றி மக்கள் கூடும்போதோ ஞாயிறு மறைந்துவிடுகின்றது. பொதுக் கட்டடங்களில் சூரிய மின்சாரம் ஆக்கும் முயற்சியின் பயனும் சிக்கலும் இந்த முரண்பாட்டிலேயே அடங்கியுள்ளன.

இலங்கையிலே 2022ஆம் ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் உயர்ந்தது. வழிபாட்டிடங்களும் இச்சுமைக்குத் தப்பவில்லை. பின்னர், நாட்டின் 25 மாவட்டங்களிலுமுள்ள 5000 வழிபாட்டிடங்களுக்குச் சூரிய மின்தொகுதிகள் வழங்கும் திட்டம், இந்தியாவின் 1 கோடியே 70 இலட்சம் டொலர் நன்கொடையுடன் உருவாகி, 2025 ஏப்ரல் 5ஆம் நாள் தொடக்கி வைக்கப்பட்டது. விகாரை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகிய யாவும் இதில் அடங்கும். ஒவ்வொன்றும் 5 கிலோவாற்று அளவினது. இத்தகைய தொகுதியொன்று நல்ல வெயிலுள்ள நாளில் ஏறத்தாழ 20 அலகு மின்சாரம் தரவல்லது.

தகடுகளில் ஒளி படும்போது நேரோட்டம் பிறக்கின்றது. இன்வேட்டர் என்னுங் கருவி அதனை ஆடலோட்டமாக மாற்றுகின்றது. பகலில் எஞ்சும் மின்சாரம் பொது மின்வலையமைப்புக்குச் செல்ல, அது கணக்கில் வரவு வைக்கப்படுகின்றது. இரவிலே வேண்டியது அங்கிருந்து பெறப்படுகின்றது. இவ்வாறு வலையமைப்பு ஒரு வங்கியைப் போல உதவுகின்றது. ஆனால் அவ்வங்கி கதவடைக்கும் நாளும் உண்டு.

2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கினால் நேர்ந்த கோளாறு, முற்பகல் வேளையில் நாடு முழுவதையும் மின்னின்றி ஆக்கியது. வானிலே வெயில் இருந்தது. கூரைகளிலே தகடுகள் இருந்தன. எனினும் அவற்றின் கீழிருந்த மின்விசிறிகள் சுழலவில்லை. இது கருவியின் பழுதன்று. வெளியே மின்னோட்டம் நின்றதும் சாதாரண இன்வேட்டர் தானும் நின்றுவிடும். இல்லையேல், கம்பியைத் திருத்த ஏறும் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து நேரும்.

ஆகவே கட்டணத்தைக் குறைப்பது ஒன்று. இடர்வேளையில் ஒளி தருவது வேறொன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, பாடசாலைகளும் வழிபாட்டிடங்களும் மக்களின் புகலிடங்களாயின; பல பகுதிகளில் மின்சாரமும் தடைப்பட்டது. அத்தகைய இரவிலே ஒரு மண்டபத்துக்கு வேண்டியது மிகுதியன்று. 10 வாற்று விளக்குகள் பத்து, பத்து மணித்தியாலம் எரிந்தால் செலவாவது 1 அலகே. ஏறத்தாழ ஐம்பது கைத்தொலைபேசிகளுக்கு மின்னேற்ற இன்னும் 1 அலகு போதும். மருந்து வைக்கும் சிறு குளிர்சாதனப் பெட்டிக்கு ஏறக்குறைய அதேயளவு வேண்டும். ஐந்து அலகு கொள்ளும் மின்கலமும், வலையமைப்பிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு தனித்தியங்கவல்ல இன்வேட்டரும் இருப்பின், அம்மண்டபம் ஊருக்கே விளக்காகும்.

மின்கலம் விலையுயர்ந்தது என்பது உண்மை. தகடுகள் இருபத்தைந்து ஆண்டு உழைக்கலாம். இன்வேட்டரோ பத்தாண்டளவில் மாற்ற வேண்டியதாகும். கோபுரத்தின் நிழலோ தென்னையின் நிழலோ ஒரு தகட்டில் வீழ்ந்தாலும், அதனோடு தொடுத்த ஏனையவற்றின் பயனும் குன்றலாம். பறவைகளின் எச்சத்தைக் கழுவவும், கடற்கரையூர்களில் உப்புக்காற்று அரிக்கும் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். வீட்டுக் கூரையை வீட்டுக்காரர் கவனிப்பார். பொதுக்கூரையை யார் கவனிப்பது?

விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றது. மாதந்தோறும் மிஞ்சும் கட்டணப் பணத்தில் ஒரு பங்கைப் பரிபாலன சபை தனியே ஒதுக்கி, அக்கணக்கை ஊரார் முன் வைக்குமாயின், பழுது பார்ப்பதற்கும் நாளடைவில் மின்கலம் வாங்குவதற்கும் வழி பிறக்கும். சபையினர் மாறினாலும் அவ்வழக்கம் மாறாதிருத்தல் வேண்டும். நன்கொடை தகடுகளைக் கூரைமீது ஏற்றிவிடும். புயலடிக்கும் இரவில் அதன் கீழே ஒரு விளக்கேனும் எரிவது, ஊரார் முன்கூட்டியே கூடிச் செய்யும் ஏற்பாட்டினாலேயே ஆகும்.