அடைப்பானும் பருவ மாறுதலும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்துவதற்கான பிரசங்கம்)



சித்திரை வைகாசி வெயிலில் மேய்ச்சல் தரை கருகிக் கிடக்கிறது. பிறகு ஒரு பெருமழை பெய்கிறது. குடியானவர் மனம் குளிர்கிறது, புல் தலையெடுக்கிறது, மாடுகளை அவிழ்த்து விடுகிறார்கள். சில நாள் கழித்து, முதல் நாள் மாலை வரையில் கூளம் தின்றுகொண்டிருந்த பசுவொன்று விடியற்காலையில் கட்டுத்தறியிலேயே செத்துக் கிடக்கிறது. வயிறு ஊதியிருக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த இரத்தம் உறையாமல் கசிகிறது. செத்த மாடு விறைப்பதுபோல் அது நன்றாக விறைக்கவும் இல்லை. பாம்பு தீண்டிற்று என்பார் ஒருவர். கண்ணேறு என்பார் மற்றொருவர். எவரோ விஷம் வைத்தார் என்று அயல் வீட்டைப் பார்ப்பவரும் உண்டு. இவற்றுக்கிடையே யாரேனும் ஒருவர் மெல்லக் கேட்பார்: "தோலையாவது உரித்துக்கொள்ளலாமா?"

உரிக்கலாகாது. அதன் காரணத்தைச் சொல்லுவதே இப்பிரசங்கத்தின் நோக்கம். தோல் விலை போகும் பொருள். மாட்டை இழந்த ஏழைக்கு மிஞ்சுவது அது ஒன்றுதான். அதையும் சேர்த்துக் குழியில் தள்ளு என்று சொல்லுகிறவர்கள், தக்க காரணமும் சொல்லக் கடமைப்பட்டவர்கள் ஆவர்.

இவ்வியாதிக்கு அடைப்பான் என்று பெயர். இதை உண்டாக்கும் கிருமி கண்ணுக்குத் தெரியாத சிறு கோல் வடிவமானது. ஜெர்மனியில் ஒரு சிற்றூர்ப் பகுதியின் வைத்தியராக இருந்த ராபர்ட் கோக் என்பவர் 1876ஆம் ஆண்டில் இதன் வாழ்க்கை வரலாற்றைக் கண்டு வெளியிட்டார். மாட்டின் இரத்தத்தில் இருக்கும்வரை இக்கிருமி அவ்வளவு பலமுடையதன்று. செத்த மாட்டை அறுக்காமல் விட்டால், உடல் அழுகும்போது உள்ளேயிருக்கும் கிருமிகள் சில நாட்களில் பெரும்பாலும் தாமே மடிந்துவிடும். ஆனால் இரத்தம் வெளியே சிந்திக் காற்றுப் பட்டவுடன், கிருமி தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு ஒன்றைக் கட்டிக்கொண்டு வித்துப்போல் ஆகிவிடுகிறது. அவ்வித்துக்கு வெயிலும் வறட்சியும் ஒரு பொருட்டல்ல. ஆகவே, ஒரு கத்திக் கீறலில் சில நாளில் தீரவேண்டிய அபாயம் பல தலைமுறைக்கு நீண்டுவிடுகிறது.

இது மிகைப்படக் கூறியதன்று. ஸ்காட்லாந்துக் கடற்கரைக்கு அருகில் குருயினார்ட் என்னும் சிறு தீவு உண்டு. இரண்டாம் மகா யுத்த காலத்தில், 1942இல், பிரிட்டிஷ் இராணுவத்தார் அடைப்பான் வித்துக்களை ஆயுதமாக்க இயலுமா என்று அங்கே செம்மறியாடுகளைக் கட்டிவைத்துப் பரீட்சை செய்தார்கள். பிறகு நாற்பத்தெட்டு ஆண்டுகள் அத்தீவில் யாரையும் குடியேற விடவில்லை. 1986இல் பார்மலின் என்னும் மருந்தைக் கடல் நீரில் கலந்து மண் முழுவதும் ஊற்றியபின், 1990இல்தான் தீவு பயமற்றது என்று அறிவித்தார்கள். ஓர் அரசாங்கத்துக்கே இவ்வளவு பாடு என்றால், ஊர்ப் புறம்போக்கில் கிடக்கும் வித்தை யார் கழுவி எடுப்பது?

வெயிலும் மழையும் இதில் என்ன செய்கின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். வறட்சிக் காலத்தில் புல் கட்டையாகிறது. மாடு அடிவேரோடு கடித்து இழுக்கும்போது மண்ணும் வாயில் சேர்கிறது. காய்ந்த தட்டையும் முள்ளும் வாயைக் கீறுகின்றன. கீறிய இடம் கிருமிக்கு வாசல். மழை வந்தால், மேட்டில் கிடந்த வித்துக்கள் பள்ளத்துக்கு அடித்துச் செல்லப்பட்டு, நீர் தேங்கும் இடத்தில் ஒன்றுசேர்கின்றன. அந்தப் பள்ளத்தில்தான் புல் முதலில் பச்சைவிடுகிறது. பசித்த மாடும் அங்கேதான் முதலில் ஓடுகிறது. நீண்ட வறட்சியை அடுத்துக் கனமழை பெய்யும் ஆண்டுகளில் இந்நோய் தலைகாட்டுவது பல தேசங்களிலும் கண்ட உண்மை. சுண்ணாம்புச் சத்தும் மக்கும் நிறைந்த காரத்தன்மையுள்ள மண்ணில் வித்துக்கள் நெடுநாள் நிலைக்கின்றன. பருவங்கள் முன்போல் ஒழுங்காக வராமல், வெயில் கடுமையாகவும் மழை ஒரேயடியாகவும் வரும் இக்காலத்தில் இதை அறிந்துகொள்ளுதல் முன்னிலும் அவசியமாகிறது.

மண்ணுக்குள் ஆழப் புதைத்ததுகூட மேலே வருவதுண்டு. பிரான்சு தேசத்தில் சில வயல்களுக்குச் 'சபிக்கப்பட்ட வயல்கள்' என்று பெயர். அவற்றில் மேய்ந்த ஆடுகள் ஆண்டுதோறும் மடிந்தன. லூயி பாஸ்டர் என்னும் பேரறிஞர் 1880இல் அதை ஆராய்ந்து, முன்பு செத்த ஆடுகளைப் புதைத்த குழிகளிலிருந்து மண்புழுக்கள் வித்துக்களை மேலே கொண்டுவருகின்றன என்று சொன்னார். உழவனுக்கு நண்பன் என்று நாம் கொண்டாடும் மண்புழு இந்த ஒரு விஷயத்தில் அறியாமல் பகை செய்கிறது! மறு ஆண்டில் பாஸ்டர் பூயி-லெ-போர் என்னும் ஊரில், பலர் முன்னிலையில், ஒரு பகுதி ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டும் மறு பகுதிக்குப் போடாமலும் எல்லாவற்றுக்கும் நோய்க் கிருமியை ஏற்றினார். 1881 ஜூன் 2ஆம் நாள் மக்கள் வந்து பார்த்தபோது, ஊசி போட்டவை மேய்ந்துகொண்டிருந்தன. போடாத செம்மறிகள் செத்தும் சாகுந் தறுவாயிலும் கிடந்தன.

இவ்வளவு தெரிந்த பிறகும் மனிதர் மறக்கிறார்கள் என்பதற்கு அண்மைக் காலத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ருஷியாவின் வடகோடியில் சைபீரியாவைச் சேர்ந்த யமால் என்னும் நீண்ட நிலப்பகுதி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. நெநெத்ஸ் என்னும் ஜனங்கள் அங்கே பனிமான் மந்தைகளை ஓட்டிக்கொண்டு கூடாரங்களில் வாழ்கின்றனர். நமக்கு மாடு எப்படியோ அவர்களுக்குப் பனிமான் அப்படி: உணவும் அதுவே, உடையும் அதுவே, வண்டி இழுப்பதும் அதுவே. அங்கே நிலம் சில அடிக்குக் கீழே ஆண்டு முழுதும் உறைந்திருக்கும். 1941க்குப் பிறகு அவ்விடத்தில் அடைப்பான் காணப்படவில்லை. நோய்தான் இல்லையே என்று 2007இல் பனிமான்களுக்குத் தடுப்பூசி போடுவதை நிறுத்திவிட்டார்கள்.

2016ஆம் ஆண்டுக் கோடையில் அந்தப் பனிநாட்டில் வெயில் 35 டிகிரி வரைக்கும் ஏறிற்று. உறைந்த மண் வழக்கத்தைவிட ஆழமாக இளகியது. ஜூலை மாதத்தில் பனிமான்கள் கூட்டங் கூட்டமாக விழலாயின. இரண்டாயிரத்துக்கு மேல் மாண்டன. முதலில் வெயிலின் கொடுமை என்றே எண்ணினர். பிறகு மனிதரும் நோயுற்றார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். குடும்பங்களை வேறிடத்துக்கு அப்புறப்படுத்தி, இராணுவத்தை அனுப்பிச் செத்த மான்களை எரிக்கவேண்டியதாயிற்று. பழைய சவக்குழிகள் இளகியதுதான் காரணம் என்பர் சில விஞ்ஞானிகள். தடுப்பூசியை நிறுத்தியதே பெரிய காரணம் என்பர் வேறு சிலர். இரண்டும் சேர்ந்தே கேடு விளைத்தன என்று கொள்ளுவதில் தவறில்லை. மண் எழுபத்தைந்து ஆண்டு பொறுத்திருந்தது. மனிதருக்கோ அத்தனை ஆண்டு நினைவு இல்லை.

நம் நாட்டில் உறைந்த மண் இல்லை. ஆனால் அடைப்பான் உண்டு. தமிழ்நாட்டிலும் மாடு ஆடுகளுக்கும், அவற்றை அறுத்தவர்களுக்கும் வந்திருக்கிறது. மனிதருக்கு அது பெரும்பாலும் தோலில் வருகிறது. கையிலோ முகத்திலோ பூச்சி கடித்தாற்போல ஒரு தடிப்பு, அரிக்கும், பிறகு கொப்புளமாகி நடுவில் கரிபோல் கறுத்த பொருக்குக் கட்டும், சுற்றிலும் வீங்கும். ஆனால் வலி இராது. வலி இல்லாத காரணத்தாலேயே ஏழைத் தொழிலாளி அதைப் பொருட்படுத்தாமல் வேலைக்குப் போகிறான். சிகிச்சை செய்யாவிட்டால் இவ்வகையில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை இறப்பர். பென்சிலின் முதலிய மருந்துகளை உரிய காலத்தில் கொடுத்தால் ஏறக்குறைய எல்லாரும் பிழைப்பர். செத்த மாட்டின் இறைச்சியைத் தின்பதால் குடலிலும், தோல், உரோமம் இவற்றின் தூசியைச் சுவாசிப்பதால் மார்பிலும் நோய் வருவதுண்டு. அவை மிகக் கொடியவை. வேகவைத்துவிட்டால் தோஷமில்லை என்று நம்புவது தவறு. வித்து சாதாரணக் கொதியில் நிச்சயமாகச் சாகும் என்று சொல்ல முடியாது. நோயுற்ற மனிதரிடமிருந்து பிறருக்கு இது எளிதில் தொற்றுவதில்லை. ஆகையால் அவரை ஒதுக்கி வைப்பது அறியாமை.

இங்கே மனம் கூசினாலும் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. செத்த மாட்டை இழுப்பதும் உரிப்பதும் ஊரில் ஒரு சாராரின் தலையிலேயே பரம்பரையாகச் சுமத்தப்பட்டு வந்தது. மாடு ஒருவருடையது, பால் ஒருவருக்கு, கறுத்த பொருக்கு மட்டும் இன்னொருவர் கையில். இறைச்சியும் தோலும் கூலிக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட வழக்கம் எவ்வளவு கொடியது என்பதை இந்த ஒரு வியாதியே காட்டிவிடும்.

ஆகவே செய்யவேண்டியது இது. திடீரென்று மாடு செத்தால் கத்தி வைக்கலாகாது. நாய்கள் வயிற்றைக் கிழிக்காதபடி காவல் வைத்துக் கால்நடை மருத்துவருக்கு உடனே ஆள் அனுப்பவேண்டும். 2009ஆம் ஆண்டு மத்திய சட்டம் ஒன்றின்படி இத்தகைய நோயைத் தெரிவிப்பது மாட்டுக்காரருடைய கடமையும் ஆகும். மருத்துவர் காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் கண்ணாடித் தகட்டில் எடுத்துப் பரிசோதித்தாலே நோய் தெரிந்துவிடும். காப்புறுதிப் பணத்துக்குச் சான்று வேண்டுமென்று வயிற்றை அறுத்துப் பார்க்கும்படி அவரை வற்புறுத்தலாகாது. தரையில் இழுத்துச் செல்லாமல், மூக்கு முதலிய துவாரங்களை மருந்தில் நனைத்த துணியால் அடைத்து, கிணறு குளம் வாய்க்கால்களுக்குத் தொலைவில் ஆறடிக்குக் குறையாத குழியில், அடியிலிருந்த கூளமும் இரத்தம் பட்ட மேல்மண்ணும் சேர்த்துப் புதைக்கவேண்டும். விறகுக்கு வழியிருந்தால் எரிப்பது இன்னும் நன்று. குழியில் சுண்ணாம்பு கொட்டும் பழக்கம் உண்டு. சுண்ணாம்பு வித்துக்கு உதவியாகவே இருக்கலாம் என்று ஐயுறும் ஆராய்ச்சியாளர்களும் இருப்பதால், அதை நம்பி ஆழத்தைக் குறைத்துவிடக் கூடாது.

நோய் ஒருமுறை வந்த ஊரில் ஆண்டுக்கொருமுறை, மழைக்கு ஒரு மாதம் முன்னதாக, தடுப்பூசி போடவேண்டும். இன்று வழங்கும் ஊசி, தென் ஆப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் என்பவர் 1930களில் கண்டுபிடித்த வகையைச் சேர்ந்தது. இராணிப்பேட்டையிலுள்ள நிலையத்திலேயே தயாராகிறது. அதில் இருப்பது உயிருள்ள வித்து. ஊசி போடும் சமயத்தில் மாட்டுக்கு வேறு கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தால் ஊசியின் பயன் கெடும். நோயில்லாத ஆண்டிலும் விடாமல் போடுவதுதான் கடினம். யமாலில் தவறியதும் அங்கேதான்.

சங்கம் இதில் செய்யக்கூடியவை இரண்டு. நிகர லாபத்தில் பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து, உரிக்காமல் புதைத்த மாட்டுக்காரருக்குத் தோலின் விலையையும் குழிவெட்டும் கூலியையும் கொடுத்துவிடலாம். ஒரு மாட்டின் தோல் விலை, ஒரு குடும்பத்தின் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கிலும் எவ்வளவோ சொற்பம். வெறுங்கையுடன் வீடு திரும்புகிறவருக்கு உபதேசம் மட்டும் செய்தால் அவர் இரவில் கத்தியோடு குழிக்கு வருவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். எந்த ஆண்டு, எவருடைய மாடு, எந்தச் சர்வே நம்பரில், எந்த மரத்துக்கு எத்தனை அடி தள்ளிப் புதைக்கப்பட்டது என்று எழுதி, குழியின்மேல் முள் வேலியிட்டு, அவ்விடத்தில் மேய்ச்சலோ கிணறோ வீடோ வராதபடி பஞ்சாயத்துக்கும் ஒரு நகல் கொடுத்துவிட வேண்டும். காரியதரிசிகள் மாறுவார்கள், மரமும் விழலாம், ஆகையால் அளவை நிலையான எல்லைக்கல்லிலிருந்தும் ஒருமுறை எடுத்து எழுதிவைப்பது நல்லது.