வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை: முதல் அடி வைப்பவர்களுக்கு

(மைசூரு கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ரசாயனம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரி. 34 வருஷம் அரசாங்க உத்யோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றிப் பேச இவருக்கு என்ன யோக்யதை என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விண்ணப்பம், சான்றிதழ், ஒப்பந்தம், விசா எல்லாமே காகித விஷயங்கள். காகிதத்தை வரிக்கு வரி படிப்பதில்தான் என் ஆயுசு கழிந்தது. அந்த அனுபவத்தை வைத்துச் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

நம் குடும்பங்களில் எல்லாப் பிள்ளைகளும் இன்ஜினீயரிங் படிப்பதில்லை. எம்.ஏ. ஆங்கிலம், பி.காம்., பி.எஸ்ஸி. முடித்தவர்கள், "கொரியாவில் ஆங்கிலம் சொல்லித் தரக் கூப்பிடுகிறார்கள், தாய்லாந்தில் கூப்பிடுகிறார்கள், போகலாமா?" என்று கேட்கிறார்கள். போகலாம். ஆனால் எந்த வாசல் நமக்குத் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

இது நமக்குப் புதிய விஷயமும் அல்ல. எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹெய்லி செலாஸி 1956இல் இந்தியா வந்தார். அவர் காலத்தில் அந்த நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் ஏராளமான இந்திய ஆசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். 1974இல் அவர் பதவி இழந்தார். அந்த எழுபதுகளில் எண்ணெய் வருமானம் பெருகிய நைஜீரியாவுக்கும், ஜாம்பியாவுக்கும் நம்மவர்கள் போனார்கள். மெட்ராஸிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போனவர்கள் அநேகம். அப்போது பல சமயம் அந்த நாட்டு அதிகாரிகளே இங்கு வந்து நேர்முகத் தேர்வு நடத்திக் கூட்டிப்போனார்கள். இப்போது நடுவில் ஏஜென்ட் இருக்கிறார், செல்போன் விளம்பரம் இருக்கிறது. வசதி கூடியிருக்கிறது, அபாயமும் கூடியிருக்கிறது.

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் ஆங்கிலம் நன்றாகத் தெரிகிறதா என்பதைவிட எந்த தேசத்து பாஸ்போர்ட் என்பதையே பார்க்கிறார்கள். தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டவர்களுக்குத்தான். நம் பிள்ளை எவ்வளவு அழகாகப் பேசினாலும் அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. இதில் வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் லாபமில்லை. 2010 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தில் நமக்கென்று ஒரு சின்ன வாசல் வைத்திருக்கிறார்கள். பட்டத்தோடு ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்கள் அங்கே பள்ளிகளில் துணை ஆசிரியராகச் சேர இடம் உண்டு. வெறும் பட்டம் போதாது.

ஜப்பானில் வேறு மாதிரி. கற்பிக்கப் போகிற மொழியிலேயே 12 வருஷம் கல்வி கற்றிருக்க வேண்டும் என்று விசா விதி இருக்கிறது. எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில மீடியத்தில் படித்த நம் பிள்ளைகளுக்கு இது சாதகம். ஆனால் அதைப் பள்ளிக்கூடம் எழுத்தில் தர வேண்டும். ஆகவே தலைமை ஆசிரியரிடம் பயிற்று மொழிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். தாய்லாந்தில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் ஆங்கிலத் தேர்வு ஒன்றில் மதிப்பெண் காட்ட வேண்டிவரும்.

முதல் வேலைக்கு நான் சிபாரிசு செய்வது இன்னும் பக்கத்தில் இருக்கிறது. வளைகுடா நாடுகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளிகள் நிறைய. அங்கே இந்திய பாஸ்போர்ட் குறை அல்ல, வழக்கம். மாலத்தீவில் பள்ளிப் படிப்பே பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். இந்திய ஆசிரியர்கள் அங்கே பல வருஷங்களாக வேலை செய்கிறார்கள். ஆனால் அது பல தீவுகளில் ஜனங்கள் வசிக்கும் தேசம். தலைநகர் மாலேயில்தான் வேலை என்று நினைத்துப் போய்ச் சின்னத் தீவில் இறங்கினால் மனசு ஒடிந்துவிடும். எந்தத் தீவு, வீடு யார் தருவார்கள், வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வர டிக்கெட் உண்டா என்று ஒப்பந்தத்திலேயே பாருங்கள். இரண்டு இடங்களிலும் பி.எட்.டும் ஒன்றிரண்டு வருஷ அனுபவமும் இருந்தால்தான் மதிப்பு. அந்த அனுபவத்தை நம் ஊர்ப் பள்ளியில் சம்பாதிக்கலாம்.

படிப்புக்கு மைசூரு வாசிகள் வெகு தூரம் போக வேண்டாம். மானசகங்கோத்ரியில் என்.சி.இ.ஆர்.டி.யின் பிராந்திய கல்வி நிறுவனம் 1963இலிருந்து இருக்கிறது. பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருஷப் படிப்பு அங்கே உண்டு. பெங்களூரில் தென்னிந்திய ஆங்கில நிறுவனமும் அதே 1963இல் வந்ததுதான். ஹைதராபாதில் 1958இல் ஆரம்பித்த ஆங்கில நிறுவனம் இன்று மத்தியப் பல்கலைக்கழகம். ஆங்கிலம் கற்பித்தலில் டிப்ளமோ அங்கே கிடைக்கும். கேம்பிரிட்ஜின் செல்டா என்ற சான்றிதழும் பல நாடுகளில் செல்லும். குறைந்தது 120 மணி நேரப் படிப்பு, அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும். "வார இறுதியில் சான்றிதழ்" என்று இணையத்தில் விற்கிறார்களே, அதில் இந்த 6 மணி நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பணத்தைக் கட்டாதீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு பலம் இருக்கிறது. அவர்கள் ஆங்கிலத்தை இன்னொரு பாஷைக்கு மேல் கற்றவர்கள். கொரிய பாஷையில் 'எஃப்' ஓசை இல்லை. அதனால் அவர்கள் காஃபியை 'கோப்பி' என்கிறார்கள். நாம் என்ன சொல்கிறோம்? காப்பி! அந்தக் குழந்தையின் நாக்கு எங்கே தடுக்கும் என்று லண்டன்காரரைவிட நமக்குச் சீக்கிரம் புரியும். நேர்முகத் தேர்வில் இதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதே சமயம், "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று நாங்கள் கோப்பில் எழுதிய ஆங்கிலத்தை விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். அது ஆபீசோடு போகட்டும்.

இன்னொன்று. ஷேக்ஸ்பியர் நடத்தப் போகிறோம் என்ற நினைப்போடு போனால் ஏமாற்றம்தான். கிடைப்பது அநேகமாகச் சின்னக் குழந்தைகளாக இருக்கும். நம் மைசூர் ஆர்.கே. நாராயண் 1945இல் எழுதிய 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலின் கதாநாயகன், காலேஜ் வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகள் பள்ளிக்கே போகிறான். குழந்தைகளோடு பாடி, படம் வரைந்து சொல்லித்தரப் பிடிக்கிறதா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, "மாமா, வேலை கிடைச்சுடுத்து, இந்த லெட்டரைக் கொஞ்சம் பாருங்கோ" என்று கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பக்கம், வண்ண முத்திரை எல்லாம் இருந்தது. கோப்பைப் படிப்பதுபோல் படித்தேன். எந்தப் பள்ளி என்று எங்கும் இல்லை. "எங்கள் கூட்டுப் பள்ளிகளில் ஒன்று" என்று மட்டும் இருந்தது. "சுற்றுலா விசாவில் வரவும், பிறகு மாற்றித் தரப்படும்" என்று ஒரு வரி. கடைசியில் 1,75,000 ரூபாய், பத்து நாளைக்குள். அப்பா பி.எஃப். பணத்தை எடுக்கத் தயாராக இருந்தார். "பள்ளிக்கூடத்தின் பேரும் விலாசமும் கேட்டு எழுது, வந்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்" என்றேன். எழுதினாள். பதில் வரவில்லை, பிறகு போனையும் எடுக்கவில்லை. அந்தப் பெண் பி.எட். முடித்து, இங்கே இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, வளைகுடாவில் ஓர் இந்தியப் பள்ளிக்குப் போனாள். ஒரு பைசா ஏஜென்டுக்குக் கொடுக்கவில்லை.

எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் இணைய மோசடி வேலையில் அடைத்ததாக 2022இல் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. 2025 மார்ச்சில் 549 பேரை விமானப்படை விமானங்களில் மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. விளம்பரத்தில் வேலையின் பெயர் எதுவாகவும் இருக்கலாம். நாளைக்கு அது ஆங்கில ஆசிரியர் என்றும் இருக்கலாம்.

ஆகவே நினைவில் வையுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். விதிப்படி அவர் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், ரசீதோடு. அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகவே கூடாது. பட்டச் சான்றிதழை முதலில் மாநில அரசிடமும் பிறகு வெளியுறவு அமைச்சகத்திடமும் அத்தாட்சி செய்ய வேண்டும். 2005இலிருந்து இந்தியா ஹேக் உடன்படிக்கையில் இருப்பதால் பல நாடுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை போதும். மற்ற நாடுகளுக்குத் தூதரக முத்திரையும் தேவை. போலீஸ் சான்றிதழுக்கு பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இவற்றுக்கு நாளாகும். வேலை கிடைத்த பிறகு ஓடினால் சேரும் தேதி தவறிப்போகும்.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். "வாத்தியார் வேலைக்கா வெளிநாடு?" என்று பிள்ளையைக் குறைவாகப் பேசாதீர்கள். பேசினால் அவர்கள் நம்மிடம் காட்டாமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எந்த ஊரில் இருந்தாலும் நம் கிளைகளில் ஓய்வு பெற்ற அதிகாரிகள், வக்கீல்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை அவர்களிடம் கொண்டுபோங்கள். மைசூரில் இருப்பவர்கள் என்னிடம் வரலாம், நாலு பேராக உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம். பணம் கட்டின பிறகு அல்ல, கட்டுவதற்கு முன்னால் வாருங்கள்.