கரையோர் சொற்கேட்ட அறிஞர்

(இராயபுரத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 28ஆம் தேதி சென்னையில் தமது 98ஆம் வயதில் காலஞ்சென்ற டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் அவர்களுக்கு நமது வந்தனத்தைச் செலுத்துமாறு சங்கத்தார் எம்மைப் பணித்திருக்கின்றனர். அவரோ கும்பகோணத்திற் பிறந்தவர். கோதுமையையும் நெல்லையும் ஆராய்ந்து, இந்நாட்டின் உணவுப் பஞ்சம் நீங்கப் பாடுபட்டவர் என்று உலகப் புகழ் பெற்றவர். வலையும் படகுமாய் ஜீவனம் செய்யும் நமக்கும் அவருக்கும் யாது தொடர்பு என உங்களிற் சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு; அது முழுதும் இனியதன்று. ஒருகால் நாம் அவரது திட்டத்தை எதிர்த்தும் நின்றோம். அதனையும் மறையாது கூறுவதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை என்பது எமது துணிபு.

உலக உணவுப் பரிசு 1987ஆம் ஆண்டில் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதனைப் பெற்றவர் இவரே. அப்பொருளைத் தம் குடும்பத்திற்கென வைத்துக்கொள்ளாமல், அதனை மூலதனமாகக் கொண்டு 1988இல் சென்னைத் தரமணியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் தலைவராகவும் 1984 முதல் 1990 வரை விளங்கினார். தமது நிலையத்தைப் பல்லாண்டு நடத்தியபின், அதன் பொறுப்பைப் பிறரிடம் ஒப்புவித்தார். ஸ்தாபனம் செய்தவர் விலகிய பின்னும் நிலைத்து நடப்பதன்றோ நல்ல ஸ்தாபனத்திற்கு அடையாளம்!

அந்நிலையத்தார் செய்த பணிகளுள் நமக்கு முதன்மையானது பிச்சாவரத்து அலையாத்திக் காட்டைப் பற்றியது. அக்காட்டில் மரங்கள் பட்டுப்போய், பல இடங்கள் வெறும் உவர்த்தரையாகிக் கிடந்தன. மாடு மேய்த்தும் விறகு வெட்டியும் கரையோரத்து ஏழைகளே காட்டை அழித்தனர் என்பது அக்காலத்துப் பொதுவான எண்ணம். நிலையத்தார் மண்ணையும் நீரையும் சோதித்து வேறொரு காரணம் கண்டனர். ஆங்கில அரசின் காலத்தில் தொடங்கிய முறைப்படி, காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றிலும் மரங்களை அடியோடு வெட்டி வந்தனர். நிழலிழந்த மண் வெயிலிற் காய்ந்து தாழ்ந்து தொட்டி போலாயிற்று. ஓதத்தில் ஏறிய கடல்நீர் திரும்ப வழியின்றி அங்கேயே தேங்கி வற்ற, உப்பு மிகுந்தது, நாற்று முளைக்கவில்லை. ஆகவே மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் வந்து போக வழிசெய்தனர். வனத்துறையாரும் கிராமத்தாரும் ஒன்று சேர்ந்து வெண்கண்டற் கன்றுகளை நட்டனர். காடு மீண்டும் தழைத்தது. 2004இல் ஆழிப்பேரலை வந்தபோது, அலையாத்திக் காட்டின் பின்னிருந்த குடியிருப்புகளுக்குச் சேதம் குறைவாயிருந்தமை யாவரும் அறிந்தது. ஏழைகள்மேல் ஏற்றிய பழி ஆராய்ச்சியால் நீங்கியதை நாம் மறத்தலாகாது.

இனி, நாம் எதிர்த்து நின்ற கதையைக் கூறுவோம். கடலோரத்தில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதிக்கும் அரசு அறிவிக்கை 1991இல் பிறந்தது. அதனைப் பரிசீலிக்க 2004இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்து, இவரைத் தலைவராக்கிற்று. அக்குழுவின் அறிக்கையை அடியாகக் கொண்டு 2008இல் வெளிவந்த நகல், இருந்த காவலையும் தளர்த்திப் பெருந்தொழில்களுக்குக் கரையைத் திறந்துவிடும் என்று நாடெங்கும் மீனவர் அஞ்சினர், கிளர்ந்தெழுந்தனர். 2009இல் அரசு மறுபடியும் இவர் தலைமையிலேயே நால்வர் குழுவொன்றை நியமித்தது. மக்கள் தெரிவித்த ஆட்சேபங்களை ஆராய்ந்த அக்குழு, அந்நகல் காலாவதியாகும்படி விட்டுவிடுக என்று அவ்வாண்டு ஜூலையில் பரிந்துரைத்தது. தம் பெயரோடு இணைத்துப் பேசப்பட்ட திட்டத்தைக் கைவிடுமாறு தாமே கையொப்பமிட்டுக் கூற எத்தனை பேருக்கு மனம் வரும்? பட்டமும் பதவியும் பெற்றவர் பலர். பிழையென உணர்ந்ததை மாற்றிக்கொண்டவர் சிலரே. கோதுமை விளைச்சல் பெருகி யாவரும் கொண்டாடிய 1968இலேயே, மண்ணையும் நிலத்தடி நீரையும் மிகையாய்ச் சுரண்டினால் கேடு விளையுமெனக் காசியில் கூடிய விஞ்ஞான மாநாட்டில் எச்சரித்தவரும் இவரே அன்றோ!

அன்பர்களே! பிச்சாவரத்தின் பாடம் நமது எண்ணூருக்கு இல்லையா? கொசஸ்தலையாறு கடலொடு கலக்கும் நம் கழிமுகத்திலும் அலையாத்தி மரங்கள் உண்டு. இறாற்குஞ்சும் நண்டும் அவற்றின் வேர்களிடையே ஒதுங்கி வளர்கின்றன. அக்கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கரையொதுங்கியது. 2023 டிசம்பர்ப் புயல்வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் மீண்டும் கழிக்குள் வந்தது. இருமுறையும் நம் பிள்ளைகள் வாளிகொண்டு அள்ளினர். எனினும் நாமும் முற்றும் குற்றமற்றவர் அல்லேம். சிறுகண் வலையால் குஞ்சு மீனை வாரியதும் குப்பையைக் கழியிற் கொட்டியதும் நம் கைகளே.

அவ்வறிஞர் கேட்கும் செவியுடையராயிருந்தார். சொல்லும் வாய் நமக்கு இருந்தாலன்றிக் கேட்கும் செவியால் பயனென்ன? நாளை மற்றொரு குழு வந்து, “இக்கழியில் முன்பு என்ன இருந்தது? எவ்விடம் ஆழம்? எம்மாதத்தில் எம்மீன் ஏறும்?” என வினவினால் விடையளிக்கக் கூடிய முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவர்களுடைய பேரன்மாரோ கம்பெனி வேலைக்குப் போய்விட்டனர், அது குற்றமன்று, ஆயினும் அறிவு அறுந்துபோகின்றது.

ஆதலின் ஒன்றே வேண்டிக்கொள்கிறோம். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்கள் ஒவ்வொன்றிலும் படித்த பிள்ளை ஒருவன் அல்லது ஒருத்தி ஒரு குறிப்பேட்டுடன் முதியோர் அருகில் அமர்ந்து, கழியின் துறைப்பெயர்களையும் மீன்பெயர்களையும் ஓதக்கணக்கையும் எழுதிக்கொள்க. கழியில் இறங்கி இறால் பிடித்த தாய்மாரையும் கேட்க மறவாதீர். படமும் மாலையும் பத்து நாளில் வாடிவிடும். அக்குறிப்பேடு இருக்குமாயின், நமது சொல்லைக் கேட்ட ஒருவருக்கு நாம் செலுத்தும் நன்றி நமது மக்களையும் காக்கும்.