இரண்டு பாக்கெட் குளவி

பட்டுப்புழு வளர்ப்பைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் ஊசி ஈயைப் பத்தி மட்டும் பேசுறேன். நம்மில் பல பேரைக் கடன் தவணை கட்ட விடாம பண்றது அதுதான்.

அந்த ஈ நம்ம ஊர்க்காரி இல்லை. 1980-ல் மேற்கு வங்காளத்துக் கூடுகளோடு கர்நாடகத்துக்கு வந்து, பிறகு இந்தப் பக்கம் இறங்கினது. பேரும் ஊசியால வந்ததில்லை. ஜப்பான் மொழியில் ‘உஜி’ன்னா ஈயின் புழு. பட்டுப்புழு மேல வெள்ளையா முட்டை ஒட்டும். இரண்டு மூணு நாளில் பொரிந்து உடம்புக்குள்ள துளைக்கும். அந்த இடத்தில் கறுப்புத் தழும்பு இருக்கும். ஐந்தாம் பருவத்தின் கடைசியில் முட்டை வைத்தால் நம்ம புழு கூடு கட்டிடும், ஆனா ஈப்புழு கூட்டை ஓட்டை போட்டு வெளியே வரும். அந்தக் கூட்டில் நூல் எடுக்க முடியாது. தருமபுரி அங்காடியில ஓட்டைக் கூட்டுக்கு என்ன விலை கேக்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

மருந்து அடிச்சா ஈ மட்டுமா சாகும்? புழுவும் சேர்ந்து சாகும். ஜன்னலுக்கு நைலான் வலை கட்டாயம் வேணும். அதோட ஒரு குளவியும் இருக்கு. பேர் நெசோலின்க்ஸ் தைமஸ். வாயில நுழையலைன்னா உஜிக் குளவின்னே சொல்லுங்க. எறும்பை விடச் சின்னது. “குளவியை வீட்டுக்குள்ள விடறதா?”ன்னு என் மாமியார் சண்டைக்கே வந்துட்டாங்க. அது மனுஷரைக் கொட்டாது, பட்டுப்புழுவையும் தொடாது. வெளியே வந்த ஈப்புழு தரை வெடிப்பில, எருக்குழியில ஒளிஞ்சு கூட்டுப்புழுவா மாறுமில்லையா, அதைத் தேடிப் போய் உள்ளே முட்டை வைக்கும். ஈ வரவேண்டிய இடத்தில குளவிக் கூட்டமே வெளியே வரும்.

100 முட்டைத் தொகுதிக்கு இரண்டு பாக்கெட். ஐந்தாம் பருவத்தில் வளர்ப்பு மனையில தொங்க விடணும். புழு கூடு கட்டுற இடத்துக்கும் மாத்தி, அறுவடை முடிஞ்சதும் எருக்குழிப் பக்கம் வைக்கணும். பலர் இந்தக் கடைசி வேலையை விட்டுடறாங்க. அடுத்த பட்டத்து ஈ அங்கேதான் தயாராகுது.

இதை ஒரு வீடு மட்டும் செஞ்சா பாதிப் பலன்தான். பக்கத்து மனை ஈ நம்ம வேலியைப் பார்த்து நிக்காது. அதனால கூட்டமைப்பே மொத்தமா வாங்கித் தரணும்னு கேக்கிறேன். அடுத்த பட்டம் எடுக்கிறவங்க, எத்தனை முட்டைத் தொகுதி, எந்தத் தேதின்னு இன்னைக்குப் போகும்போதே உங்க குழுச் செயலாளர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டுப் போங்க.