சக்கரத்தின் மேல் ஒரு வீடு



வீடு என்பது அசையாதது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். நிலத்தையும் வீட்டையும் அசையாச் சொத்து என்றுதான் சட்டமும் வகுத்திருக்கிறது. ஆயினும் நகரும் வீடுகளும் உலகில் நெடுங்காலமாக இருந்தே வந்திருக்கின்றன. இராஜஸ்தானத்துக் காடியா லோஹார் என்னும் கொல்லர்கள் மாட்டு வண்டியையே இல்லமாகக் கொண்டு, ஊர் ஊராகச் சென்று இரும்புத் தொழில் புரிந்தவர்கள். கடற்படை மருத்துவராயிருந்து பின்னர் எழுத்தாளராக விளங்கிய வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையொன்றில் குதிரைகள் இழுக்கும் பயண வீடு ஒன்றைச் செய்வித்தார். அதற்கு ‘வாண்டரர்’, அதாவது நாடோடி, என்று பெயர். இன்பப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட முதல் வண்டி வீடு அதுவே என்பர். அமெரிக்காவில் வாலி பையம் என்பவர் 1936-இல் அலுமினியத் தகடுகளை ரிவெட்டு அடித்து இணைத்து, ‘கிளிப்பர்’ என்னும் இழுவை வண்டியை வெளியிட்டார். அவருடைய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பழைய வண்டிகளைத் தேடி வாங்கித் தம் கையாலேயே புதுப்பிப்பது, இன்று அந்நாட்டில் பலருக்கு விருப்பமான பணியாக இருக்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த அருண் பிரபு என்னும் இளம் கட்டடக் கலைஞர், 2019-இல் ஓர் ஆட்டோ ரிக்‌ஷாவின் மீது 36 சதுர அடியில் ஒரு சிறு வீட்டை அமைத்தார். படுக்கை, சமையலிடம், கழிப்பறை, சூரிய ஒளி மின்சாரம் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கின. பழைய பொருள்களைக் கொண்டு ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய்ச் செலவில் அது உருவாயிற்று.

நான் வாழும் விருத்தாசலம், பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அகல் விளக்கும் கொலுப் பொம்மையும் மின்சாரத்துக்கான பீங்கான் உறுப்புகளும் இங்கே சூளைகளில் வெந்து வெளியேறுகின்றன. இங்குள்ள நண்பர் ஒருவர் பொம்மைகளைத் தம் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு, நவராத்திரிக் காலத்தில் வெளியூர்ச் சந்தைகளுக்குச் செல்பவர். மனைவியும் சிறு மகளும் உடன் செல்வார்கள். இரவில் கடைத் திண்ணையே அவர்களுக்குப் படுக்கையறை. மழை பெய்தால் அதுவும் இல்லை. இந்த நிலையில், நடமாடும் கண்காட்சிக்காக எப்போதோ செய்யப்பட்டுப் பின்னர் கேட்பாரற்றுக் கிடந்த இழுவை வண்டி ஒன்று அவருக்கு மலிவாகக் கிடைத்தது. நீளம் 12 அடி, அகலம் 6 அடி. அதைக் குடும்பம் உறங்கத்தக்க வீடாக்கும் பணியில் நானும் உடனிருந்தேன். அப்பணி கற்பித்தவற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சட்டத்தைக் கேட்க வேண்டும். இழுவை வண்டிக்கும் பதிவு உண்டு. பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, செய்யத் தக்கது எது, தகாதது எது என்று தெளிந்த பின்னரே சுத்தியலைக் கையிலெடுத்தோம்.

அடுத்து, பார்வையைக் கீழே செலுத்த வேண்டும். பழைய வண்டியை வாங்குவோர் பெரும்பாலும் சுவரின் வண்ணத்தையும் சன்னலின் அழகையும் நோக்குவர். உயிரோ அடிச்சட்டத்திலும் இருசிலும் சக்கரத்திலும் இருக்கிறது. மேலாகப் படிந்த துருவைச் சுரண்டி எடுத்துப் பூச்சுப் பூசலாம். தட்டும்போது தகடு தகடாக உதிரும் துருவானால், அந்த இரும்பை வெட்டி நீக்கித் தேர்ந்த வெல்டரைக் கொண்டு புதிது வைப்பதே முறை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ஓடாமல் நின்ற வண்டியின் டயர் தேய்ந்திராது. ஆனால் வெயிலாலும் காலத்தாலும் ரப்பர் முதுமை அடைந்திருக்கும். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடலாகாது.

பிறகு கூரை. மழைநீர் நுழையும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றல்ல. கூரை மூட்டில் புகுந்த நீர், சட்டத்தின் வழியே ஓடி, சன்னலின் அடியில் சொட்டும். எங்கள் வண்டியின் உட்சுவரில், வண்ணத்தின் மீது ஒரு சிறு கறை மட்டுமே தெரிந்தது. திருப்புளியால் அங்கே அழுத்தியபோது, அது வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கிற்று. ஒட்டுப்பலகையும் அதனுள்ளிருந்த மரச்சட்டமும் மக்கியிருந்தன.

அப்போது நவராத்திரிக்கு மூன்று வாரங்களே இருந்தன. அந்த ஒரு பருவத்து விற்பனைதான் நண்பரின் குடும்பத்துக்குப் பல மாத உணவு. மக்கிய இடத்தின்மேல் ஒரு தகரத்தை அடித்து வண்ணம் பூசினால், குறித்த நாளில் புறப்பட்டுவிடலாம். யார் கண்ணுக்கும் குறை தெரியாது. சுவரைப் பிரித்தால் அந்தப் பருவத்துக்கு வண்டி கிடையாது. உறவினர் பலரும் தகரத்தையே பரிந்துரைத்தனர். நண்பர் இரண்டு நாள் யோசித்தார், பின்னர், “ஈரமான மண்ணைச் சூளையில் வைத்தால் வெடிக்கும் என்று தெரிந்தவன் நான். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்ட மாட்டேன்” என்று கூறிச் சுவரைப் பிரித்தார்.

மாணவர்களே, இது வெறும் உவமையன்று. களிமண்ணில் எஞ்சிய நீர் சூளையின் வெப்பத்தில் ஆவியாகிறது. வெளியேற வழியின்றி விரியும் ஆவி பாண்டத்தைப் பிளக்கிறது. அதனாலன்றோ குயவர் நிழலில் பொறுமையாக உலர்த்துகிறார்! மரத்தில் நடப்பது வேறு. எனினும் அங்கும் பகை அடைபட்ட ஈரமே. தகரத்துக்குப் பின்னால் காற்றும் வெயிலும் புகாத ஈரத்தில் பூஞ்சை செழித்து மரத்தைத் தின்னும். ஒரு நாள் நெடுஞ்சாலையில் காற்று மோதுகையில், பிடிமானமற்ற சுவர் பெயர்ந்துவிடலாம். அன்று அது சுவரின் குறையாக நிற்காது. பின்னால் வருவோரின் உயிருக்கும் ஆபத்தாகும். அந்த நவராத்திரிக்கு நண்பர் பழையபடியே திண்ணையில் உறங்கி வியாபாரம் செய்தார். மழையில் இரண்டு இரவுகள் மகள் உறங்கவில்லை என்று திரும்பி வந்து சொன்னார். ஆனாலும் சுவரைப் பிரித்ததற்காக வருந்தவில்லை.

தரையைப் பற்றியும் ஒரு வாதம் எழுந்தது. பீங்கான் ஊராயிற்றே, ஓடு பதிக்கலாமே என்றார் நண்பர். கணக்கிட்டுப் பார்த்தோம். 72 சதுர அடி என்பது ஏறத்தாழ 6.7 சதுர மீட்டர். 8 மில்லிமீட்டர் கனமுள்ள ஓடு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 18 கிலோ. தரைக்கு மட்டும் 120 கிலோ. ஒட்டும் சாந்து வேறு. எடையைவிடப் பெரிய தடை ஒன்றும் உண்டு. பீங்கான் அழுத்தத்தைத் தாங்குவதில் வலியது. இழுவிசையைத் தாங்குவதில் மெலியது. ஓடும் வண்டியின் சட்டம் குழிதோறும் சிறிது வளைந்து நிமிரும். வளையும் பொருளின் ஒரு பக்கம் அழுந்தும். மறு பக்கம் இழுபடும். வளையத் தெரியாத ஓடு அங்கே விரிசல் காணும். ஆகவே மெல்லிய வினைல் விரிப்பே போதும் என்று முடிவாயிற்று. தன் ஊரின் பொருளாயினும், அதற்குரிய இடத்தில்தான் அதை வைக்க வேண்டும்.

பீங்கானுக்குரிய இடம் எது? மின்சாரத்தை நோக்குங்கள். வீடுகளில் ஃப்யூஸ் கம்பியைத் தாங்கி நிற்பது பீங்கான். மின்சாரத்தைக் கடத்தாமையும் வெப்பத்தில் உருகாமையும் அதன் இரு குணங்கள். வண்டியில் 12 வோல்ட் மின்கலமே இருந்ததால், மோட்டார்களுக்குரிய சிறு தகட்டு ஃப்யூஸ்களை வைத்தோம், தத்துவம் ஒன்றே. 60 வாட் கருவி 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் அளவே எடுக்கும். 12 வோல்ட்டிலோ 5 ஆம்பியர் எடுக்கும். வோல்ட் குறைவுதானே என்று மெல்லிய கம்பியை இழுத்தால், அது சூடேறித் தீப்பற்றும். ஃப்யூஸ் கருவியைக் காப்பதைக் காட்டிலும் கம்பியைக் காக்கவே இருக்கிறது. கம்பி தாங்கும் அளவுக்கு உட்பட்டே அது அமைய வேண்டும்.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து போகாது. தரையில் குளம் போலத் தேங்கும். எனவே தரை மட்டத்தில் காற்றுத் துளை வேண்டும். மூடிய சிறு அறையில் அடுப்பெரிந்தால், மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடும் சேரக்கூடும். உறங்குபவர் விழிக்காமலே போகலாம். இதை எண்ணியே, வண்டிக்குள் அடுப்பு வேண்டா, வெளியே சமைப்போம் என்று நண்பரின் மனைவியார் தீர்ப்பளித்துவிட்டார். அதைவிடச் சிறந்த தீர்ப்பு இல்லை.

இறுதியாக எடைச் சமநிலை. இழுவை வண்டியின் மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை முன்கொக்கியில் இறங்குவது நலம். பின்பாரம் மிகுந்தால், வேகத்தில் வண்டி மீன் வாலைப் போல ஆடும். இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஊரிலுள்ள எடைமேடையே போதும். முழு வண்டியையும் நிறுத்தினோம்: 900 கிலோ. பின்னர் முன்காலை மேடைக்கு வெளியே ஊன்றிச் சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்தோம்: 860. வித்தியாசமாகிய 40 கிலோவே கொக்கியின் பாரம். அது போதாது. மின்கலத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் முன்னே நகர்த்தி மீண்டும் அளந்தபோது 110 கிலோ காட்டிற்று. பள்ளியில் நீங்கள் பயிலும் நெம்புகோல் தத்துவம், அன்று ஒரு குடும்பத்துக்குக் காவலாயிற்று.

கார்த்திகை விளக்குகளை ஏற்றிக்கொண்டு அந்த வண்டி முதன்முறையாகப் புறப்பட்டது. ஓடும்போது உள்ளே ஒருவரும் அமர்வதில்லை என்பது நண்பர் விதித்த கட்டளை. ஊர் சேர்ந்து வண்டி நின்ற பிறகே, அது வீடாகிறது.

மாணவர்களே, உங்கள் பள்ளியின் பின்புறத்திலோ வீட்டின் கொல்லையிலோ பழையதென்று ஒதுக்கப்பட்ட ஒரு பொருள் கிடக்கும். அது நாற்காலியாகவோ மிதிவண்டியாகவோ இருக்கலாம். அதைப் பெரியோர் துணையுடன் பிரித்துப் பாருங்கள். எது ஏன் அங்கே வைக்கப்பட்டது என்று கேளுங்கள். வண்ணத்தைக் கடைசியில் வையுங்கள். நூலில் கற்ற விதிகள் கைக்கு வந்து சேரும் இடம் அதுவே. நன்றாகச் செய்த வேலையில், பிறர் கண்ணுக்குத் தெரியாத பகுதியே பெரிது. அந்தப் பகுதியை நேர்மையாகச் செய்யப் பழகுங்கள்.